நள்ளிரவில் ஒலிக்கும் மணி



மார்கழிப் பனியும் மழை ஈரமும் கலந்திருக்கும் டிசம்பர் மாதத்தில் நம் காவிரிப் பகுதியின் கிறிஸ்தவ இல்லங்களைப் பார்த்திருக்கிறீர்கள். வாசலில் மூங்கில் சிம்பில் கட்டிய காகித நட்சத்திரம் தொங்கும். குடில் அமைக்க ஆற்று மணலும் வைக்கோலும் வந்து சேரும். பத்து நாள் முன்னதாகவே தட்டில் தூவிய கேழ்வரகு முளைத்து, குடிலைச் சுற்றிப் பசும்புல்லாக நிற்கும். அடுப்படியில் முறுக்கும் அதிரசமும் மணக்கும். இருபத்து நான்காம் தேதி இரவு கோவில் மணி ஒலித்ததும், தூக்கக் கண்களோடு தம்பி தங்கைகள் புதுத்துணி உடுத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார்கள்.

இவையெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கு. அந்த இரவில் வீட்டையும் நாட்டையும் விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்குத் திருநாள் எப்படி இருக்கும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. நம் ஊர்ப் பெண்கள் செவிலியராகவும் மாணவியராகவும் பொறியாளராகவும் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வர எல்லோருக்கும் முடிவதில்லை. ஐரோப்பாவில் படிப்போர் சிலர், நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, நடந்தே ஒரு நாட்டைப் பார்த்துவரப் புறப்படுகிறார்கள். அப்படி நடப்பவர்களுக்கு மிகப் பழக்கமான நாடு ஸ்பெயின். அங்கே அவர்கள் காண்பது என்ன, அந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது, அது நமக்குச் சொல்லும் செய்தி என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சந்தியாகப்பரின் வழி

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற நகரம் இருக்கிறது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக 9ஆம் நூற்றாண்டு முதல் மக்கள் நம்பி வருகிறார்கள். யாகப்பரை ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்பார்கள். நம் மக்கள் அவரைச் சந்தியாகப்பர் என்று அழைப்பது இதே பெயரால்தான். இராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே உள்ள வேர்க்காட்டுப் புனித சந்தியாகப்பர் ஆலயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜூலைத் திருவிழாவில் பல சமயத்தாரும் கூடும் அந்த ஆலயமும், ஸ்பெயின் மலைநாட்டுப் பேராலயமும் ஒரே புனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

சந்தியாகோவுக்குப் போகும் நடைபாதைகளுக்குக் காமினோ என்று பெயர். வழி என்பதே அச்சொல்லின் பொருள். இவற்றில் புகழ்பெற்றது பிரான்சு நாட்டு எல்லையில் தொடங்கும் பாதை. அதன் நீளம் சுமார் 780 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் நடந்தால் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகும். வழிநெடுகச் சிப்பி அடையாளமும் மஞ்சள் அம்புக்குறியும் பாதையைக் காட்டும். அந்த மஞ்சள் அம்புகளை 1980களில் வரையத் தொடங்கியவர் எலியாஸ் வாலின்யா என்னும் மலைக்கிராமப் பங்குக் குரு. மறந்து கிடந்த பழம்பாதையை மீண்டும் உயிர்ப்பித்த பெருமை அவருக்கு உண்டு. 1993இல் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்பெயினில் உள்ள இப்பாதையை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

நடப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டை வைத்திருப்பார். தங்கும் இடந்தோறும் அதில் முத்திரை குத்துவார்கள். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து வந்தவருக்கே சந்தியாகோவில் லத்தீன் மொழியில் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். 2024ஆம் ஆண்டில் அந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி, வேளாங்கண்ணி மாதாவை நோக்கி நம் சாலைகளில் நடந்துபோகும் கூட்டத்தைப் பார்த்த நமக்கு இது புதிய காட்சி அன்று. கொப்புளம் கண்ட பாதமும், தோளில் பையும், வழியில் தண்ணீர் கொடுக்கும் கைகளும் எங்கும் ஒன்றுதான்.

குளிர்காலத்தில் நடப்பவர்கள்

கோடையில் திருவிழாக் கூட்டம்போல் இருக்கும் இப்பாதை, டிசம்பரில் வெறிச்சோடிக் கிடக்கும். பிரனீஸ் மலைமேல் செல்லும் உயரமான பாதையை நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் இறுதிவரை மூடிவிடுவார்கள். பனியில் வழிதவறி மாண்டவர்கள் உண்டு. பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் சாலையையே அப்போது பயன்படுத்த வேண்டும்.

பொழுது புலர்வதே தாமதம். டிசம்பர் கடைசியில் சந்தியாகோ நகரில் காலை 9 மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். மாலை 6 மணிக்கு இருட்டிவிடும். கோழி கூவுமுன் எழுந்து பழகிய நமக்கு அது விந்தையாக இருக்கும். யாத்திரிகர் தங்கும் விடுதிகளை அங்கே அல்பெர்கே என்பார்கள். குளிர்காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை மூடியிருக்கும். எந்த ஊரில் விடுதி திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

திருநாள் நெருங்க நெருங்க இன்னொரு சங்கடமும் வரும். டிசம்பர் 24ஆம் தேதி இரவு ஸ்பெயின் மக்களுக்குக் குடும்ப இரவு. அதற்கு நல்லிரவு என்றே பெயர். பிற்பகல் தாண்டியதும் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். பேருந்துகள் குறைந்து நின்றுவிடும். உணவகங்கள் அடைக்கப்படும். எல்லோரும் பாட்டன் பாட்டி வீட்டில் கூடி, இரவு நெடுநேரம் உண்டு மகிழ்வார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இராது. நண்பகலுக்குள் ரொட்டியும் பழமும் வாங்கி வைக்காத வழிப்போக்கர்கள், சன்னல்களில் தெரியும் விளக்கொளியைப் பார்த்துக்கொண்டே பசியோடு நடக்க வேண்டியதுதான்.

பெத்லகேமின் முதல் கிறிஸ்து பிறப்பு இரவில் சூசையப்பரும் மரியன்னையும் கண்ட காட்சி இதுதான் அல்லவா? அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். உள்ளே வெளிச்சம் இருந்தது. வெளியே இருந்தவர்களுக்கு இடம் இல்லை. குடிலை ஆண்டுதோறும் அழகாக அமைக்கும் நாம், அதை அமைக்க நேர்ந்த காரணத்தை எளிதில் மறந்துவிடுகிறோம்.

சேவல் பூசையும் மூன்று ராஜாக்களும்

ஆனால் கதவுகள் எல்லாம் மூடியே இருப்பதில்லை. நள்ளிரவில் கோவில் மணி ஒலிக்கும். அந்த நள்ளிரவுத் திருப்பலியை ஸ்பெயினில் சேவல் பூசை என்று அழைக்கிறார்கள். இயேசு பிறந்ததை முதலில் அறிவித்தது சேவல் என்ற நாட்டுப்புற நம்பிக்கையால் வந்த பெயர் இது. மொழி தெரியாவிட்டாலும் திருப்பலியின் போக்கு நமக்குத் தெரிந்ததுதான். எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே சேவல் பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் திருப்பனந்தாளில் மணி விடியற்காலை 4.30 ஆகியிருக்கும். நம் வீட்டில் நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த நாலரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, வீட்டுக்கு எப்போது தொலைபேசியில் பேசலாம் என்று காத்திருப்பது அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழக்கம்.

சந்தியாகோ பேராலயத்தில் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பெரிய தூபக்கலசம் ஒன்றை ஆட்டுவார்கள். அதன் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எடை 50 கிலோவுக்கு மேல். கூரையிலிருந்து தொங்கும் அதைத் தேர்வடம் பிடிப்பதுபோல் எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுக்க, புகை கக்கியபடி கோவிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறக்கும்.

ஸ்பெயின் குழந்தைகளுக்குப் பரிசு கிடைக்கும் நாள் முதன்மையாக டிசம்பர் 25 அன்று. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். முதல்நாள் மாலை ஊர்தோறும் மூன்று ராஜாக்களின் ஊர்வலம் நடக்கும். குழந்தைகள் தங்கள் காலணிகளை வெளியே வைத்துவிட்டு உறங்குவார்கள். காலையில் அவற்றினருகே பரிசுகள் இருக்கும். குறும்பு செய்த பிள்ளைக்குக் கரித்துண்டு கிடைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பயப்படாதீர்கள், இப்போதெல்லாம் அந்தக் கரித்துண்டைச் சர்க்கரையில் செய்து விற்கிறார்கள்! பாதாம் பருப்பும் தேனும் சேர்த்துச் செய்த துரோன் என்ற இனிப்பு அவர்கள் வீட்டில் அதிரசத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நம் கடலை மிட்டாய்க்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இந்த மூன்று ராஜாக்களும் யார்? அவர்களும் வீட்டைவிட்டு நெடுந்தூரம் வந்த நண்பர்கள்தாமே! கூட்டாகப் பயணம் செய்தவர்களின் திருநாளையே ஸ்பெயின் குழந்தைகள் பரிசுத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒன்பது நண்பர்கள்

அயல்நாட்டில், நண்பர்களோடு, தோளில் பை சுமந்து நடந்தபடியே கிறிஸ்து பிறப்பைக் கழித்தவர்களில் ஒருவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவர் புனித சவேரியார்.

சவேரியார் ஸ்பெயினின் வடபகுதியான நவார் நாட்டில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றபோது, விடுதியில் அவரோடு ஓர் அறையில் தங்கியவர் பியர் ஃபாவர் என்ற ஏழைக் குடியானவரின் மகன். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். 1529இல் அவர்களோடு வந்து சேர்ந்தவர் வயதில் மூத்த மாணவரான இஞ்ஞாசியார். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளே, கேளுங்கள். உலகைச் சுற்றிய ஒரு பெரிய பணி உங்கள் அறையைப் போன்ற ஒரு விடுதி அறையில்தான் தொடங்கியது!

நட்பு வளர்ந்தது. வேறு சிலரும் சேர்ந்தார்கள். வெனிஸ் நகரில் கூடி அங்கிருந்து புனித பூமிக்குச் செல்வது என்று முடிவு செய்தார்கள். இஞ்ஞாசியார் முன்னதாகவே புறப்பட்டுவிட்டார். 1536ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி மற்ற ஒன்பது பேரும் பாரிஸிலிருந்து கிளம்பினார்கள். கையில் கோல், தலையில் தொப்பி, கழுத்தில் செபமாலை, தோள்பையில் வேதாகமமும் படிப்புக் குறிப்புகளும். இவ்வளவுதான் அவர்களுடைய உடைமை.

அவர்கள் புறப்பட்ட வேளையைக் கவனியுங்கள். பிரான்சு மன்னருக்கும் ஸ்பெயினை ஆண்ட பேரரசருக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பேரில் நால்வர் இன்றைய ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர்கள். நால்வர் இன்றைய பிரான்சு நாட்டின் எல்லைக்குள் பிறந்தவர்கள். ஒருவர் போர்ச்சுக்கீசியர். அரசர்கள் ஒருவரோடு ஒருவர் போரிட, அவர்களுடைய குடிமக்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நேர்வழியில் போகப் போர் விடவில்லை. ஆகவே லொரேன் வழியாக, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளைச் சுற்றி, பாசல், கான்ஸ்டன்ஸ் நகரங்களைத் தாண்டி, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து போனார்கள். பிரான்சில் மழை, அதற்கப்பால் பனி. அவர்களில் மூவர் குருக்களாக இருந்ததால் வழியிலேயே திருப்பலி நடந்தது.

அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாள் அவர்கள் நடையின் 41ஆவது நாளில் வந்தது. சொந்த வீடு இல்லை, சொந்த மொழி பேசும் ஊர் இல்லை, ஊரில் செய்த பலகாரம் இல்லை. இருந்ததெல்லாம் நண்பர்கள் ஒன்பது பேர். 1537ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து இரண்டாம் நாள், அவர்கள் வெனிஸ் நகரை அடைந்தார்கள். 54 நாட்கள் நடந்த களைப்போடு இஞ்ஞாசியாரைக் கண்டு மகிழ்ந்தார்கள். அதன்பின் அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நகரத்து மருத்துவமனைகளுக்குப் பிரிந்து சென்று, தீராத நோயாளிகளின் புண்களைக் கழுவியதே! தங்களை வழியெங்கும் வரவேற்ற உலகத்துக்கு அவர்கள் செலுத்திய கடன் அது.

பின்னாளில் சவேரியார் கடல் கடந்து 1542இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, சிறுவர் சிறுமியருக்குக் கற்றுக்கொடுத்தார். 1545இல் நம் நாகப்பட்டினத்துக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் வந்தார். அடுத்த ஆண்டு மலுக்குத் தீவுகளின் பக்கமாக அம்போயினாவில் இருந்தபோது, ரோமாபுரியில் இருந்த நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துப் பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாக அதில் குறிப்பிட்டிருக்கிறார். பனியில் கூட நடந்த நண்பர்களின் பெயர்கள்தாம் அந்தத் தீவுகளில் அவருக்கு வீடாக இருந்தன. சவேரியார் 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் உயிர்நீத்தார்.

மலைக் கணவாயில் ஒரு மணி

சவேரியார் பிறந்த நவார் நாட்டில், சந்தியாகோ போகும் பாதையில், ரோன்செஸ்வாலெஸ் என்ற ஊர் இருக்கிறது. பிரனீஸ் மலையைக் கடந்து இறங்குபவர் முதலில் சேரும் இடம் அதுதான். 12ஆம் நூற்றாண்டில் அங்கே யாத்திரிகருக்காக ஒரு மருத்துவ விடுதி எழுந்தது. நோயாளி, நலமுள்ளவர், கிறிஸ்தவர், யூதர், பிற சமயத்தார் என்று பாராமல் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததாகப் பழைய லத்தீன் பாடல் ஒன்று கூறுகிறது. அதற்குச் சற்று மேலே இபான்யேதா என்னும் கணவாய். பனிமூட்டத்திலும் இருட்டிலும் வழிதவறியவர்கள் ஒலி கேட்டு வந்து சேர வேண்டும் என்று அங்கிருந்த கோவிலின் மணியை அடிப்பார்களாம். அந்த மணி பூசைக்கு அழைப்பதோடு நிற்கவில்லை, உயிரையும் காத்தது.

இந்த மரபு இன்றும் முற்றிலும் அழியவில்லை. கிரான்யோன் என்ற சிற்றூரில் கோவிலை ஒட்டிய விடுதியில் கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். வாசலில் ஒரு பெட்டி திறந்தபடியே இருக்கும். முடிந்தவர் அதில் போடலாம். தேவைப்பட்டவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூட்டு இல்லாத உண்டியலை நாம் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா?

நம் மண்ணின் மணி

இதைப் படித்துவிட்டு, விருந்தோம்பலைக் கற்றுக்கொள்ள ஸ்பெயினுக்குப் போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். திருவள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பனந்தாள் காசி மடத்தின் வரலாறு ஒரு வழிநடையின் வரலாறுதான். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர அடிகள் வடக்கே நெடுந்தொலைவில் உள்ள காசிக்குச் சென்று அங்கே மடம் அமைத்தார். மொழி புரியாத ஊரில் ஒரு தமிழர் கட்டியெழுப்பிய அந்த மடத்தின் வழிவந்ததே நாம் நாள்தோறும் கடந்துபோகும் காசி மடம்.

தஞ்சை மராட்டிய மன்னர்களோ, இராமேஸ்வரம் செல்லும் சாலை நெடுகச் சத்திரங்களைக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரால் ஒன்று. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் ஒன்று. இவை பெண்களின் பெயர்களைத் தாங்கியவை என்பதை மாணவிகள் கவனிக்க வேண்டும். 1801ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று, இச்சத்திரங்களில் நடந்துவந்த அறங்களை விவரிக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் எல்லாச் சமயத்து வழிப்போக்கருக்கும் சோறு. குழந்தைகளுக்குப் பால். நோயுற்றவருக்கு மருத்துவம். வழியில் பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துப் பேணும் ஏற்பாடு. ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வி.

அக்கடிதத்தில் என் நெஞ்சைத் தொட்ட செய்தி இன்னொன்று. நள்ளிரவில் சத்திரத்தில் ஒரு மணி அடிப்பார்கள். எக்காரணத்தாலோ அன்று முழுவதும் சோறு கிடைக்காமல் போனவர் யாரேனும் இருந்தால், அவருக்காகச் சமைத்து வைத்திருக்கும் சோற்றை வந்து உண்ணட்டும் என்பதற்காக அடிக்கும் மணி அது!

சிந்தித்துப் பாருங்கள். பிரனீஸ் கணவாயில் ஒரு மணி, வழிதவறியவருக்காக. தஞ்சைச் சத்திரத்தில் ஒரு மணி, பசித்தவருக்காக. கிறிஸ்து பிறப்பு இரவில் நம் கோவிலில் ஒரு மணி. அது யாருக்காக? புதுத்துணி உடுத்தி, உண்டு முடித்து, வீட்டிலிருந்து வரும் நமக்காக மட்டுமா?

நம் வாசலில் நிற்பவர்

பேறுகாலம் நெருங்கிய ஒரு பெண் அந்நிய ஊரில் இடம் தேடி அலைந்த இரவைத்தான் நாம் திருநாளாகக் கொண்டாடுகிறோம். அப்பெண்ணுக்கு இடம் கொடுக்க பெத்லகேமில் ஒரு சத்திரமும் முன்வரவில்லை. அவளைப் போன்றவளுக்கு இடம் கொடுக்கத்தான் நம் மண்ணில் சத்திரங்கள் எழுந்தன. மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது மாலைகள், சூசையப்பர் மரியன்னை வேடத்தில் சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று இடம் கேட்பதுபோல் பாடுவார்கள். முதலில் மறுப்பார்கள். கடைசியில் ஒரு வீட்டின் கதவு திறக்கும். எல்லோரும் உள்ளே சென்று விருந்துண்பார்கள். கதவு திறக்கும் அந்த நேரம்தான் குழந்தைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி.

நம் ஊரில் கதவைத் தட்டாமலே வெளியே நிற்பவர்கள் யார்? சில ஆண்டுகளாக நடவுக் காலத்தில் மேற்கு வங்காளம், பீகார் மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குழுக்கள் நம் வயல்களுக்கு வருகின்றன. கட்டட வேலையிலும் உணவகங்களிலும் வட மாநில இளைஞர்களைக் காண்கிறோம். அவர்களுக்கும் ஊரில் அம்மா உண்டு, திருநாள் உண்டு. தோளில் பை மாட்டி ஸ்பெயினில் நடக்கும் மாணவிக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு. அவள் விரும்பி நடக்கிறாள். இவர்கள் பிழைப்புக்காக வந்திருக்கிறார்கள். ஆனால் மொழி தெரியாத ஊரில் திருநாள் இரவில் தொண்டையை அடைக்கும் ஏக்கம் இருவருக்கும் ஒன்றே. ஏன், ஏதோ காரணத்தால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்கிவிடும் உங்கள் தோழியும் அந்த வரிசையில் இருக்கிறாளே!

ஆகவே மாணவிகளே, உங்களில் சிலர் நாளை அயல்நாடு செல்வீர்கள். போங்கள், தயங்க வேண்டாம். நல்ல நண்பர்களோடு போங்கள். எந்த நாள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். கம்பளி உடை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்து நான்காம் தேதி நண்பகலுக்குள் ரொட்டி வாங்கிவிடுங்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ ஒரு முன்பின் அறியாத அம்மாள் கதவைத் திறந்து, சூடான சாறு ஒரு கிண்ணம் கொடுத்தால், கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொள்ளத் தெரிந்தவருக்கே பிறகு கொடுக்கவும் தெரியும். சவேரியாரும் நண்பர்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகள் தொலைவில் இருக்கும் ஆண்டில், அவளுக்காக வைக்கும் இலை வெறுமையாக இருக்க வேண்டாம். உங்கள் ஊரில் தனியாக இருக்கும் இன்னொருவருடைய பிள்ளையை அதில் உட்கார வையுங்கள். அதே இரவில், எங்கோ ஒரு நாட்டில், இன்னொரு தாய் உங்கள் மகளுக்கு அப்படியே செய்துகொண்டிருப்பாள் என்று நம்புங்கள்.

வரும் கிறிஸ்து பிறப்பு இரவில் நம் கோவில் மணி ஒலிக்கும்போது, அதை இரண்டு செவியாலும் கேட்போம். ஒரு செவியில் அது நம்மைக் குடிலுக்கு அழைக்கட்டும். மறு செவியில், இன்னும் சோறு கிடைக்காதவர் யார் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு கதவு திறந்தால், அந்த ஊரில் அன்றிரவு பாலன் இயேசு பிறந்திருக்கிறார் என்று சொல்லலாம்.